மூன்றாவது கிலோவாட்

மேட்டுப்பாளையத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் சென்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஏழு வீட்டு மொட்டை மாடிகளில் சோலார் பேனல் ஏறிவிட்டது. ஏழில் ஆறு வீடுகளில் மூன்று கிலோவாட், எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு. உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதும் நண்பர் முதல் பால்காரர் வரை இதைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. "ஏனுங்க, கூட ஒண்ணு போட்டிருந்தா பதினெட்டாயிரம் மானியம் வந்திருக்குமே, விட்டுட்டீங்களே" என்பதுதான் கேள்வி. தெருவில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் விடை சொல்லி முடியவில்லை. கணக்கையும் அதற்குப் பின்னால் நடந்தவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால், இனிமேல் போடப் போகிறவர்களுக்காவது பயன்படும்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான் உச்சம். பணம் முன்கூட்டி வராது. பதிவு பெற்ற நிறுவனத்திடம் முழுத் தொகையையும் கொடுத்து, இந்தியாவில் தயாரான பேனல்களைப் பொருத்தி, மின்வாரியத்தார் வந்து பார்த்து, போன மின்சாரத்தையும் வந்த மின்சாரத்தையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் மாட்டிய பிறகுதான் மானியம் வங்கிக் கணக்கில் ஏறும். தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கதி அல்ல. 2013லேயே மாநில அரசு, ஒன்றிய அரசின் மானியத்துக்கு மேல் கிலோவாட் ஒன்றுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அப்போது எங்கள் தெருவில் ஒருவர்கூடப் போடவில்லை. பேனல் விற்பவர் வீடு தேடி வரும் காலம் அன்று வந்திருக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் முதல் தடை மாடியில் அல்ல, மீட்டர் பெட்டியில் இருந்தது. மின் இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகியும் நாங்கள் பெயர் மாற்றவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டிய தொகையைக் கட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது உறுத்தவும் இல்லை. மானியத்துக்கு விண்ணப்பிப்பவர், இணைப்பின் உரிமையாளர், வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் மூவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்று தெரிந்த அன்றுதான் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது என்று பீரோவைக் குடைந்தோம். திருப்பூரில் இருக்கும் தங்கையின் கையெழுத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறினேன். பெயர் மாறுவதற்கு நாற்பது நாள் ஆயிற்று. இதில் யார் மேலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை, சோம்பியிருந்தவர்கள் நாங்கள்தான். ஆனால் சிற்றூர்களில் பாதி வீடுகளின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் ஓடுகிறது என்பதையும், வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் நிற்கவே இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பச்சை மின்சாரத்துக்கான மானியம் முதலில் கேட்பது சொந்த மாடியையும் கையில் ரொக்கத்தையும்தான்.

பெயர் மாற்றத்துக்குக் காத்திருந்த அந்த நாற்பது நாள் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. விலை சொல்ல வந்த தம்பி மீட்டரைப் பார்க்கவே இல்லை. நேரே மாடிக்கு ஏறி, டேப்பைப் பிடித்து அளந்து, "மூணு கிலோவாட் தாராளமா நிக்குமுங்க, மூணு போட்டாத்தான் முழு மானியம்" என்றார். அவர் போன பிறகு, மீட்டர் பெட்டிக்குள் ஆணியில் தொங்கும் ஈ.பி. அட்டையை எடுத்துவந்து உட்கார்ந்தேன். ஓராண்டு ரீடிங்குகளைக் கூட்டி வகுத்ததில், இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 620 யூனிட் என்று வந்தது.

கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து 2024 ஜூன் வரை இருந்த கட்டணப்படி எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட்டுக்கு 2.25 ரூபாய்தான், அதற்கடுத்த இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை பறிபோகும். 101லிருந்து 400 வரை முழுவதும் 4.50, 401லிருந்து 500 வரை 6, பிறகு 600 வரை 8, அதற்கு மேல் 9 என்று படி ஏறிக்கொண்டே போகும். எங்கள் 620 யூனிட்டுக்கு இந்தப் படிக்கட்டில் ஏறினால் 2,930 ரூபாய்.

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளைக்கு நான்கு யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதத்துக்கு 240. பகலில் வீட்டுக்கு மிஞ்சியது வெளிக்கம்பிக்குப் போகும், இரவில் தேவைப்படுவது அங்கிருந்து வரும், மீட்டர் இரண்டையும் கழித்து நிகரத்தைக் காட்டும். ஒரு கிலோவாட் போட்டால் 620 யூனிட் 380 ஆகும், ரசீது 1,035 ரூபாய்க்கு இறங்கும். முதல் கிலோவாட்டின் சேமிப்பு 1,895 ரூபாய். இரண்டாவதும் போட்டால் நிகரம் 140 யூனிட். அதில் நூறு இலவசம், மிச்ச நாற்பதுக்கு 90 ரூபாய். இரண்டாவது கிலோவாட்டின் சேமிப்பு 945 ரூபாய். மூன்றாவது என்ன செய்யும்? அந்த 90 ரூபாயை இல்லாமல் ஆக்கும், அவ்வளவே.

எனக்குச் சொன்ன விலையில் இரண்டு கிலோவாட் 1,40,000 ரூபாய், மூன்று 1,95,000. மானியம் போக என் கையிலிருந்து போவது முறையே 80,000, 1,17,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வாங்குவதற்காக நான் 37,000 ரூபாய் கூடுதலாகப் போட்டு, அதைக் கொண்டு ஆண்டுக்கு ஆறு ரசீதில் 540 ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டும். போட்ட பணம் திரும்ப அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகும். பேனலுக்குச் சொல்லும் உத்தரவாதமே இருபத்தைந்து ஆண்டுதான். முதல் இரண்டுக்குப் போட்ட 80,000 ரூபாயோ ஐந்து ஆண்டு முடியும் முன்னரே திரும்பிவிடுகிறது. 2024 ஜூலையில் கட்டணம் சற்று உயர்ந்தது, ஆனாலும் இந்தக் கணக்கின் போக்கு மாறவில்லை.

வீட்டுக்கு மிஞ்சும் யூனிட்டுகள் வீணாகப் போவதில்லை, யாரோ ஒருவர் வீட்டு விளக்கை எரிக்கின்றன, நிலக்கரி அந்த அளவுக்கு மிச்சமாகிறது என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். 37,000 ரூபாயை ஊருக்கு நல்லது என்று சொல்லிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, எனக்கே நிச்சயமில்லை. ஆனால் என்னிடம் அதை லாபம் என்று சொல்லித்தான் கேட்டார்கள். அடுத்த ரசீதில் மிச்ச யூனிட்டை வரவு வைப்பார்கள் என்பதும் சரியே. ஆனால் எல்லா ரசீதிலும் மிச்சமே வரும் வீட்டில் அந்த வரவை எதில் கழிப்பது? ஏ.சி. வாங்கும் எண்ணம் உள்ளவர்களும் மின்சார ஸ்கூட்டருக்கு மாறப் போகிறவர்களும் மூன்று போடுவது பொருத்தமானதே. எங்கள் தெருவின் ஆறு வீடுகளில் இரண்டு அப்படிப்பட்டவை. மிச்ச நான்கும் மானியத்தின் உச்சவரம்பை அளவுகோலாகப் பிடித்துப் போட்டவை.

பேனல் ஏறிய பிறகு தெரிந்துகொண்டவை சில. வற்றல் காயப்போட இடம் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் கால் தூக்கிக் கட்டச் சொன்னோம். அதற்குத் தனியாகப் பணம் ஆயிற்று என்றாலும் வெயில் காலத்தில் அந்த நிழலில்தான் இப்போது மாடியே வாழ்கிறது. பக்கத்து மனைத் தென்னையின் நிழல் மாலை மூன்றரை மணிக்கு மேல் ஓரப் பேனலின் ஒரு மூலையில் விழுகிறது. ஒரு மூலைதானே என்று விட்டிருந்தேன். ஒரு கம்பியில் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றவற்றின் வரத்தும் சேர்ந்து குறையும் என்பதை, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். சித்திரையில் நாளைக்கு ஒன்பது யூனிட் காட்டும் அதே திரை, மலை மேல் மேகம் இறங்கி நிற்கும் ஐப்பசியில் நான்கைத் தாண்டத் திணறும். சராசரி என்பது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று வீட்டில் பெரிய ஏமாற்றமாகவே போயிற்று. பேனல் மாட்டிய இரண்டாம் வாரம் உச்சி வெயிலில் மின்தடை. மாடி முழுவதும் வெயில் கொட்டுகிறது, வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. "இதுக்குத்தானா இவ்வளவு செலவு பண்ணுனீங்க?" என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு விசாரித்தேன். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளிக்கம்பியில் மின்சாரம் நின்ற கணமே இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரி இருந்தால் கதை வேறு, ஆனால் செலவும் வேறு. காரணம் நியாயமானதுதான். விற்க வந்தவர் இதை முன்னமே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

ஊட்டி சாலையில் எங்களுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. பசுமை மின்சாரம் என்று பேச்சு வந்தால் இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. வெளியூர்களிலிருந்து பார்க்க வருகிறவர்கள் இறங்கியதும் காற்றாலை எங்கே என்று கேட்பார்கள். ஓடந்துறையின் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடித்து வரும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. 1996லிருந்து பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில் வேர்விட்ட முயற்சி அது. தெருவிளக்குகளும் குடிநீர் மோட்டாரும் பெருகப் பெருக ஊராட்சியின் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதுதான் தொடக்கம். 2003ல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் ஒன்பது கிலோவாட் கருவியை வைத்துக் குடிநீர் இறைத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு 2006ல் 350 கிலோவாட் காற்றாலையை 1.55 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். அதில் ஏறத்தாழ 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட் அளவு, மிஞ்சியது மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்திலிருந்தே கடனையும் அடைத்தார்கள்.

ஓடந்துறையும் தேவைக்கு மேல்தானே போட்டது என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். அவர்கள் மிச்சத்துக்கு விலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பெரிதாகப் போட்டார்கள், அந்த விலையில் கடன் எத்தனை ஆண்டில் அடையும் என்றும் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்கள். என் மாடியில் மிஞ்சும் யூனிட்டுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான விலை இல்லை. விலை இருந்திருந்தால் மூன்றென்ன, இடம் கொள்ளும் வரை போட்டிருப்பேன், அம்மாவின் வற்றலைக்கூட வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பேன். வீட்டு மாடிகளில் மின்சாரம் பெருக வேண்டும் என்பது அரசின் உண்மையான விருப்பமானால், பொருத்தும் நாளில் ஒரு முறை தரும் மானியத்தைவிட, விளையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தரும் ஒரு நியாயமான விலைதான் பேனலைத் துடைத்து வைக்கச் சொல்லும், தென்னை மட்டையை வெட்டச் சொல்லும். மழைநீர் சேகரிப்பில் இதைக் கண்ணாரப் பார்த்தோம். 2003ல் எல்லா வீட்டிலும் கட்டாயம் என்றார்கள், ஊர் முழுவதும் அவசர அவசரமாகக் குழாய் இறங்கியது, பிறகு எத்தனை வீட்டில் அந்தக் குழியைத் தூர்வாரினார்கள்? எங்கள் வீட்டுக் குழி மண் மூடித்தான் கிடந்தது. பேனல் கழுவும் தண்ணீர் போக வழி தேடியபோதுதான் அதைத் திறந்தோம்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவர் எதிர் வீட்டு அக்கா. கணவர் இல்லை, மகன் பெங்களூரில். சென்ற மாதம் ஒரு மாலையில் கையில் ஒரு வண்ணத்தாளோடு வந்தார். மகன் கடன் வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்கிறானாம், வந்த ஆள்கள் மூன்று கிலோவாட் என்கிறார்களாம். "ஓசியில கரண்டு வருமாமா தம்பி?" என்று கேட்டார். அவர் வீட்டு அட்டையை எடுத்துவரச் சொன்னேன். எண்ணெய்க் கறை படிந்த அந்த அட்டையில் 180, 172, 185 என்று ஒரே சீராக ரீடிங் இறங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய்க்குள் முடியும் வீடு அது. ஒரு பிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சி. ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கி ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சத்தை மிச்சம் பிடிப்பதற்கு வட்டியே இடம் கொடுக்காது என்று சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "அப்போ எனக்கு அரசாங்கம் ஒண்ணும் தராதா?" என்றார். இந்தத் தெருவிலேயே குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீடு அவருடையது. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்குவதற்கு முன்பும் துணிப்பையோடுதான் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர். காய்கறித் தோல் அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போனதில்லை, எல்லாம் முருங்கையடிக் குழிக்குத்தான் போகும். அவருக்குப் பொருந்தும் ஒரு மானியம் என்று என்னால் எதையும் காட்ட முடியவில்லை. முதல் நூறு யூனிட் இலவசம் என்பது ஒன்றுதான் அவருக்கு வருகிறது, அது எனக்கும் வருகிறது.

அவர் போன பிறகு, சும்மா இருக்க முடியாமல், என் பழைய அட்டையை மறுபடி எடுத்தேன். எங்கள் வீட்டில் நான்கு மின்விசிறிகள், எல்லாம் எழுபத்தைந்து வாட் பழைய வகை. அம்மாவின் அறையில் பகலிலும் ஓடும், கூடத்தில் நிற்பதே இல்லை, ஆகச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தேன். இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை, அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த விசிறி, முப்பது வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட், நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 130 யூனிட் குறையும். 620 யூனிட் 490 ஆகியிருக்கும். 500க்குக் கீழே இறங்கியதால் 2.25 சலுகை திரும்பி வந்திருக்கும், 8 ரூபாய்ப் படியும் 9 ரூபாய்ப் படியும் காணாமல் போயிருக்கும். ரசீது 2,930லிருந்து 1,665க்கு இறங்கியிருக்கும். நான்கு விசிறிக்கும் 12,000 ரூபாய் என்றால் ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் போட்ட பணம் கைக்கு வந்திருக்கும். அதற்கு மானியம் இல்லை, அதனால் அதைச் சொல்லி எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. நானும் யோசிக்கவில்லை.

விசிறியை முதலில் மாற்றியிருந்தால் இரண்டாவது கிலோவாட்டுக்கே அவ்வளவாக வேலை இருந்திருக்காது என்பதையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். 490 யூனிட்டிலிருந்து ஒரு கிலோவாட்டின் 240ஐக் கழித்தால் 250 யூனிட், ரசீது 450 ரூபாய். இரண்டாவது கிலோவாட் அந்த 450 ரூபாயைத்தான் மிச்சப்படுத்தியிருக்கும். ஆறு வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்த நானும் ஒரு கிலோவாட்டைக் கூடுதலாகத் தூக்கி மாடியில் நிறுத்தியிருக்கிறேன்.

கூடத்து விசிறியை இந்த வாரம் மாற்றினோம். பழையதைக் கழற்றிய எலக்ட்ரீசியன் அதன் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து, செம்புக்காகப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலைக்கு எடுப்பார்கள் என்றார். முந்நூற்று இருபது ரூபாய் கிடைத்தது.